பதினேழாம் மனை

இந்த ஏரிக்குப் போக்கிடம் இல்லை.
ஓர் ஓடை வந்து சேர்கிறது, எதுவும் கிளம்பிப் போவதில்லை.
வெயில் குடித்தால் உண்டு.

சஸ்காட்செவன் வரைபடத்தில் ஒரு கமா.
வடக்கே கனோலா மஞ்சள், தெற்கே கோதுமை.
இடையில் எங்கள் பூங்கா:
இருபத்தாறு முகாம் மனைகள், இரண்டு கழிப்பறை,
ஹோம் பிளேட்டுக்கு அடியில் கோஃபர் வளை தோண்டிய
ஒரு பேஸ்பால் திடல்,
உருளைக்கிழங்கு வறுவல் விற்கும் ஒரு சாளரம்.
செவ்வாய் விடுமுறை.

நான் புல் வெட்டுகிறவன்.
காசுப்பெட்டி திறக்கிறவனும் நானே.
பெட்டிக்குக் காவல் கிடையாது.
உறையின் மேல் மனை எண், இரவுகள், வண்டி எண் எழுதி
நீங்களே போட்டுவிட்டுப் போகலாம்.
பதினொரு கோடையில் ஒரே ஒருமுறை
பணத்துக்குப் பதில் ஒரு சட்டைப் பொத்தான் இருந்தது.
அதையும் வரவு வைத்தேன்.

வறண்ட வருடங்களில் ஏரி பின்வாங்கியது.
கல்யாணத்துக்கு ஒருநாள் முந்தி வந்துவிட்டவர் போல
படகுத்துறை புல்லில் நின்றது.
எல்ட்ரெட் ஃப்ரீசன் பலகை சேர்த்தார்.
மறுவருடமும் சேர்த்தார்.
நீரைத் துரத்திக்கொண்டே நூற்றிருபது அடி.
இப்படியே போனால் அக்கரையில் இறங்கிவிடலாமே
என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள்.
எல்ட்ரெட் சிரிக்கவில்லை. ஆணி வாங்க ரசீது நீட்டினார்.

அப்புறம் மூன்று குளிர்காலப் பனி,
ஜூனில் ஒன்பது நாள் மழை.
நிறைந்தது என்று சொல்ல மாட்டேன்.
பழைய பாக்கியை வசூலித்தது.
முதலில் மணல்தொட்டி.
பிறகு சறுக்குமரத்தின் கடைசி மூன்றடி
(பிள்ளைகளுக்கு அதில் குறையே இல்லை).
பிறகு பதினான்கு முதல் இருபத்திரண்டு வரை மனைகள்.
பாப்லர் மரங்கள் நின்றபடியே மூழ்கின,
அடுத்த வசந்தத்தில் இலை விடவில்லை.
எல்ட்ரெட்டின் நூற்றிருபது அடி
இரு முனையும் நனைந்து நடு ஏரியில்.
எண்பலகைகள் மட்டும் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தன.
பத்தொன்பதின் மேல் ஒரு நீர்க்காகம்
சிறகு விரித்துக் காயவைத்தது,
முன்பதிவு செய்தது போல.

ஜூலையில் நீண்ட வாரயிறுதி.
ட்வைலாவும் ஓரெஸ்ட் ஹாவ்ரிலுக்கும் வந்தார்கள்.
முப்பத்தொரு கோடையாகப் பதினேழுதான்.
மகள் சைக்கிள் பழகியது அங்கே.
ரேடியோவைக் கார் கூரையில் வைத்து மறந்து
ஓரெஸ்ட் ஓட்டிப்போனதும் அங்கிருந்துதான்.

மேட்டில் இருபத்தைந்து காலி என்றேன்.
“இருபத்தைந்தில் காலை வெயில் வராது” என்றார் ட்வைலா.

அலுமினியப் படகை இறக்கினார்கள்.
நான் தடுத்திருக்க வேண்டும்.
விதிமுறைத் தாள் சட்டைப்பையில்தான் இருந்தது.
கொசு அடித்துக்கொண்டிருந்தேன்.

பதினேழின் கம்பத்தில் கயிறு கட்டி
தெர்மாஸைத் திறந்தார்கள்.
அவர்களுக்கு நாலடி கீழே இரும்பு அடுப்பு வளையம்.
அதில் பெர்ச் மீன்கள் குடியிருப்பதாக
ஓரெஸ்ட் பின்னால் சொன்னார்,
வாடகைக்கு விட்டவரின் பெருமையோடு.

இங்கே ஜூலையில் ஒன்பதரைக்குத்தான் சூரியன் இறங்கும்.
அதுவரை இருந்தார்கள்.
காற்று நின்றுவிட்டால்
நீர்மேல் பேச்சு அப்படியே கரைக்கு வரும்.
புது டிரக்கின் விலை.
யாரோ ஒருவரின் முழங்கால் அறுவை.
நெடுநேரம் ஒன்றுமில்லை.
பிறகு, “அந்த ரேடியோ நல்ல ரேடியோ.”

திங்கள் காலை பெட்டியைத் திறந்தேன்.
உறையில் மனை எண்: பதினேழு.
வண்டி எண்: படகு.
இரவுகள்: அரை.
உள்ளே முழு இரவுக்கான இருபத்தெட்டு டாலர்.

பதிவேட்டில் பதினேழுக்கு நேரே
‘மூழ்கியது’ என்று ஏற்கெனவே எழுதியிருந்தேன், மையில்.
அடிக்கவில்லை. பக்கத்தில் தொகையை எழுதினேன்.

மீதி பதினாலு டாலரைத் திருப்பித் தருவதா என்று
செயற்குழு இன்னும் முடிவு செய்யவில்லை.